ஷோரூமில் யாரும் கேட்காத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் எங்கள் தெருவில் நின்ற என் காருக்குள் சீட் வரைக்கும் தண்ணீர் ஏறி இன்ஜின் போச்சு. ஷோரூமிலேயே போட்டுக் கொடுத்த இன்ஷூரன்ஸ், கையெழுத்து போட்டதோடு சரி, நானும் படிக்கவில்லை. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கவர் உண்டாம், அது என் பாலிசியில் இல்லை என்று இன்ஜின் செலவை அப்படியே கழித்துவிட்டார்கள்.

எதிர்வீட்டு அண்ணன் உரிமம் பெற்ற இன்ஷூரன்ஸ் புரோக்கர் மூலம் எடுத்திருந்தார். "மழைக்கு வண்டியை எங்கே நிறுத்துவீங்க?" என்பதுதான் அந்த புரோக்கர் கேட்ட முதல் கேள்வியாம். அந்த கவரையும் சேர்த்துவிட்டார், அண்ணனுக்குப் பணம் வந்தது.

ஏஜென்ட் என்பவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆள். புரோக்கர் நம் சார்பில் நிற்பவர், பல கம்பெனி பாலிசிகளை ஒப்பிட்டுக் காட்டுவார், கிளெய்முக்கும் கூட வருவார். அவருக்குக் கமிஷனை கம்பெனியே தருகிறது. தண்ணீர் தேங்கும் நம் வடசென்னைக்கு இப்படிக் கேட்டு விசாரிக்கிற ஆள் ரொம்ப அவசியம். இன்ஷூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொடுத்த புரோக்கர் உரிம எண்ணை மட்டும் முதலில் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வியாசர்பாடி