ஜோக்கரிடம் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுங்கள்: டிசி காமிக்ஸ் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

ஒரே ஒரு கோரிக்கை. பேட்மேனின் பரம எதிரி ஜோக்கரை வைத்து இனி யார் கதை எழுதினாலும், பேனாவைத் தொடுமுன் 1940-ல் வந்த 'பேட்மேன்' முதல் இதழை ஒருமுறை படித்துவிடச் சொல்லுங்கள்.

அதில் ரேடியோவில் ஒரு குரல் வருகிறது. இன்று நள்ளிரவு சரியாக 12 மணிக்கு ஹென்றி கிளாரிட்ஜைக் கொல்வேன், அவருடைய வைரத்தைத் திருடுவேன் என்கிறது. கேட்பவர்கள் நம்பவில்லை. முன்பு ஒருவர் செவ்வாய்க் கிரகக் கதை சொல்லி எல்லோரையும் மிரட்டினாரே, அது மாதிரி ஏதோ விளையாட்டு என்கிறார்கள். (செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுப்பதாகச் சொன்ன ஆர்சன் வெல்ஸின் அந்த ரேடியோ நாடகம் 1938-ல் ஒலிபரப்பானது. மக்கள் அதை மறந்திருக்கவில்லை.)

கிளாரிட்ஜைச் சுற்றிப் போலீஸ் நிற்கிறது. மணி பன்னிரண்டு அடிக்கிறது. வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. மனிதர் அலறிச் சாய்கிறார். செத்த முகத்தில் தசைகள் மெல்ல இழுத்துக்கொண்டு பல்லிளிக்கின்றன. முந்தின இரவே, அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஜோக்கர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறான். 24 மணி நேரம் கழித்து வேலை செய்யும் விஷம். வைரமும் அப்போதே போய்விட்டது, இருப்பது கண்ணாடிக் கல்.

அப்படியென்றால், ரேடியோவில் அறிவிப்பு வந்தபோதே அவர் கதை முடிந்துவிட்டது. அத்தனை போலீஸும் விடிய விடிய நின்றிருந்தாலும் பயன் இல்லை. இதை முதலில் படித்த இரவு, படுக்குமுன் என் முழங்கையை மெல்லத் தடவிப் பார்த்தேன். அந்தப் பயத்தை வேறெந்த காமிக்ஸ் வில்லனும் எனக்குத் தந்ததில்லை.

பில் ஃபிங்கர், பாப் கேன், ஜெர்ரி ராபின்சன் மூவரும் சேர்ந்து உருவாக்கிய அந்த ஜோக்கர், அதே இதழின் கடைசியில் தன் கத்தியே குத்திச் சாக வேண்டியவன். உங்கள் பழைய ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த்தான் தடுத்தார். அவன் பிழைத்துக்கொள்வான் என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள். அவருக்கு நன்றி.

அப்புறம் 1988. பேட்மேனின் கூட்டாளி ராபினாக அப்போது இருந்த ஜேசன் டாட், ஜோக்கரின் கையில் சிக்கிப் பிழைக்கலாமா என்று வாசகர்களையே போனில் ஓட்டுப் போடச் சொன்னீர்கள். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 ஓட்டு. ஜோக்கர் அவனைக் கடப்பாரையால் அடிக்கும் பக்கங்களைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது அதற்குப் பிறகுதான். ஜேசனும் அவனோடு மாட்டிக்கொண்ட அவன் தாயும் எப்படியோ கதவுவரை வந்துவிடுகிறார்கள், கதவு பூட்டியிருக்கிறது, குண்டின் டைமரில் நொடிகள் குறைகின்றன. அறைக்குள் ஜோக்கரே இல்லை.

இதையெல்லாம் விட்டுவிட்டு, 2011-ல் அவன் முகத்தோலை உரித்தீர்கள். அடுத்த வருடம் அதை அவன் முகத்திலேயே பெல்ட் போட்டுக் கட்டிவிட்டீர்கள். பார்த்ததும் அருவருப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தைத் திருப்பினால் அருவருப்பு போய்விடுகிறது. அதே 2012 கதையில், நள்ளிரவில் மேயர் சாவார் என்று அவன் சொல்வதும், மேயர் தப்பிக்க, காவல் நின்ற போலீஸ்காரர்கள் சாய்வதும் இருக்கிறதே, இன்றுவரை மனதில் நிற்பது அதுதான். உங்களுக்கு இந்த வித்தை நன்றாகவே தெரியும்.

ஆகவே கேட்கிறேன். ஊரையே கொன்று குவிக்கும் ஜோக்கர் வேண்டாம். ஒரே ஒரு பெயர் போதும். முதல் பக்கத்திலேயே அந்தப் பெயரையும் நேரத்தையும் அவன் சொல்லிவிடட்டும். அந்த ஆளை எங்களுக்குப் பிடித்துப்போகும் அளவுக்கு அடுத்த இருபது பக்கங்களை அவருக்கே கொடுங்கள். ஜோக்கரைக் காட்டவே வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்