அந்த மாவு டப்பாவைத் திறக்காதே

நாமக்கல்
புரட்டாசி, ஞாயிறு

அன்புள்ள பழனிச்சாமி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். உன் கடிதங்களுக்கெல்லாம் சாவகாசமாகப் பதில் எழுதலாம் என்றிருந்தேன். அதற்குள் அவசரமாக எழுத வேண்டியதாகிவிட்டது.

முருகேசனின் தம்பி குமாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், பயப்படாதே. மூச்சிரைப்பு. எங்கள் ஆலையில் மருந்துகளை எடை போட்டுத் தீவனத்தோடு கலக்கும் அறையில் வேலை பார்க்கிறவன் அவன்தான். போன வாரம் நீ போனில் அழைத்தபோது நான் நின்றுகொண்டிருந்தது அவன் வார்டுக்கு வெளியே. நீயோ உற்சாகமாக, “கோழிகளின் சளிக்கு டைலோசின் ஆன்டிபயாடிக் தூள் வாங்கிவிட்டேன் மாப்பிள்ளை, சில்லறையில் மலிவாகக் கிடைத்தது, ராகி மாவு டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நானே கலக்கிக் கொடுத்துவிடுவேன்” என்கிறாய். அந்த இரைச்சலில் எதையும் சொல்ல முடியவில்லை. ராத்திரியெல்லாம் உன் மாவு டப்பாதான் என் தலைக்குள் உருண்டுகொண்டிருந்தது.

முதலில் குமாரின் கதையைக் கேள். டைலோசின் அறையில் வெகுகாலமாக வேலை பார்த்தவன், ஒரு தும்மல்கூட இல்லாமல். பிறகு விரல் இடுக்குகளில் அரிப்பு வந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அப்புறம் இரவில் இருமல். சளி என்றார்கள். மேலே இருப்பவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். கஷாயம் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் நெஞ்சக மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது?” ஞாயிறு நன்றாக இருக்கிறது, திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் இருமலே இல்லை, வேலைக்குத் திரும்பினால் அன்றிரவே நெஞ்சு அடைக்கிறது. வேலையிடத்து ஆஸ்துமாவை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். லீவு நாளில் குறையும், வேலை நாளில் கூடும். பல நேரம் பொழுது சாய்ந்த பிறகுதான் தலைகாட்டும் என்பதால் யாரும் பகலில் தொட்ட தூளைச் சந்தேகிப்பதில்லை.

இது புதிதாக வந்த நோயும் இல்லை. டைலோசின் டார்ட்ரேட் தூளால் ஆஸ்துமா வந்ததை சிங்கப்பூர் மருத்துவர்கள் 1989இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மருந்தோடு வரும் தாளிலேயே தோலில் படக்கூடாது, தடிப்பு வரும் என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் தாளை யார் விரித்துப் படிக்கிறார்கள்? சில்லறையில் வாங்கிய உனக்கு அந்தத் தாளே கிடைத்திருக்காது. எனக்கு ஆத்திரமே அதில்தான்.

நீ என்ன சொல்வாய் என்பது தெரியும். “நான் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.” ஆகாது, மாப்பிள்ளை. ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளக் காலம் எடுக்கும். கண்டுவிட்ட பிறகு மிகச் சிறிய அளவுகூடப் போதும், பெரும்பாலும் அதிலிருந்து மீட்சி கிடையாது. குமாருக்கு மருத்துவர் மூச்சோடு உறிஞ்சும் மருந்து கொடுத்திருக்கிறார். ஆனால் உண்மையான சிகிச்சை அந்த அறைப் பக்கமே போகாமல் இருப்பதுதான். அவனை லாரி எடைமேடைக்கு மாற்றச் சொல்லி நான் போட்ட சண்டையைப் பற்றி நேரில் சொல்கிறேன், மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. டைலோசினும், நமக்கு டாக்டர் எழுதித் தரும் எரித்ரோமைசின், அசித்ரோமைசினும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தால் மற்றதற்கும் வரக்கூடும். மருமகளுக்குத் தொண்டை வலிக்கு எதையோ கொடுத்து உடம்பெல்லாம் தடித்தது என்று தங்கச்சி ஒருமுறை சொன்னாளே, அது என்ன மருந்து என்று சீட்டைத் தேடிப் பார். இந்தக் குடும்பத்து மருந்தாக இருந்தால் அந்தப் பிள்ளை கொட்டகைப் பக்கமே வரக்கூடாது.

ஆபத்து கையில் ஒட்டுவதைவிடக் காற்றில் பறப்பதில்தான் அதிகம். ஜெர்மனியில் ஒரு பன்றிப் பண்ணையின் தூசியை இருபதாண்டுக் காலம் சேகரித்து வைத்து, 2003இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது மாதிரிகளில் ஆன்டிபயாடிக் இருந்தது, டைலோசின் உட்பட. பண்ணைக்காரர் அதைத்தான் தினமும் சுவாசித்துக்கொண்டிருந்தார். ஓலாக்விண்டாக்ஸ் என்று ஒரு மருந்து இருந்தது, பன்றித் தீவனத்தில் கலப்பது. அதைக் கையாண்டவர்கள் சிலருக்கு வெயில் பட்டாலே தோல் வெந்தது. மருந்தை விட்ட பிறகும் வெயிலில் தலைகாட்ட முடியாமல் கிடந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதையும் அதே இனத்து மருந்தான கார்படாக்ஸையும் 1999இல் தீவனத்திலிருந்து விலக்கியது. கலக்கும் ஆட்களின் உடல்நலமும் அதற்கு ஒரு காரணம். கோழியைத் தின்பவனைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். மூட்டை பிரிப்பவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். மாவு டப்பாவை முதலில் அடுக்களையிலிருந்து வெளியே எடு. திறக்காமல் எடு. டைலோசின் தூள் வெள்ளையாக, லேசான மஞ்சள் சாயலோடு இருக்கும். இருட்டில் அத்தை அதை மைதா என்று எடுத்தால் யாரைக் குற்றம் சொல்வாய்? எந்த மருந்தும் அதன் சொந்த உறையில், பெயரும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெரியும்படி, பூட்டிய இடத்தில், ஈரம் படாமல் இருக்க வேண்டும். உறையில்லாமல் வாங்கியதை என்னவென்றே உறுதியாகச் சொல்ல முடியாது. அதைக் கோழிக்குக் கொடுக்காதே. கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாதே, எரிக்கவும் செய்யாதே. கட்டி வை, நான் வந்து எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஆலைக் கழிவோடு முறைப்படி அனுப்பிவிடுகிறேன்.

சரியான உறையில் வாங்கிய பிறகு கலக்கும்போது மின்விசிறியை நிறுத்து. புழுக்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். உயரத்திலிருந்து கொட்டாதே, தூள் எழும்பும். தண்ணீரில் கலக்கும் டைலோசினுக்கு ஒரு முறை உண்டு: பாத்திரத்தில் தூளை முதலில் போட்டு, அதன்மேல் தண்ணீரை ஊற்றிக் கரைக்க வேண்டும். தண்ணீரில் தூளைத் தூவக்கூடாது. ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. கண்ணில் விழுந்துவிட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவு. முகமோ உதடோ வீங்கினால், மூச்சு அடைத்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ, மருந்தின் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லாதே. துண்டு நுண்ணிய தூசியைத் தடுக்காது. என்-95 முகமூடி வேண்டும், அது முகத்தோடு இடைவெளியில்லாமல் படிய வேண்டும். படிய வேண்டுமானால், மாப்பிள்ளை, அந்தத் தாடி போக வேண்டும். கல்லூரியில் தங்கவேலு சார் சொல்லியே எடுக்காத தாடி என்று பெருமை பேசாதே. தாடிக்கும் முகமூடிக்கும் நடுவில் காற்று புகுந்து போகும், அவ்வளவுதான் விஷயம். தங்கச்சியைச் சவரக்கத்தியோடு நிற்கச் சொல்லிக் கடிதத்தின் இந்தப் பகுதியை அவளுக்கு வாசித்துக் காட்டு.

முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. அந்தச் சட்டையை உதறாமல் தனியாக ஊறவைத்துத் துவை, பிள்ளைகளின் துணியோடு சேர்க்காதே. கை கழுவாமல் வெற்றிலைப் பெட்டியைத் தொடாதே.

இனி குதிரை. அந்தியூர்ச் சந்தையில் வாங்கியதைப் பற்றி நீ எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சின்னவன் வந்து பார்க்கத் துடிக்கிறான். ஆனால் மிச்சமாகும் குஞ்சுத் தீவனத்தை அதற்குக் கொடுக்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதை இன்றைக்கே நிறுத்து. மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் பார். ரத்தக்கழிச்சலுக்காக மொனென்சின் என்றோ சாலினோமைசின் என்றோ போட்டிருக்கும். கோழிகளில் பாதியைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் மொனென்சின் வேண்டும். குதிரைக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போதும். சரியாகக் கலந்த கோழித் தீவனமே சில கிலோ உள்ளே போனால் போதும், இதயத் தசை கெட்டு நின்ற இடத்தில் விழும். மாற்று மருந்து கிடையாது. மூட்டைகளைக் குதிரைக்கு எட்டாத தூரத்தில் வை. அதே அள்ளுகரண்டியால் கொள்ளு அள்ளாதே.

அதே சீட்டை இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்க வேண்டும். டைலோசின் தீர்ந்துவிட்டது, இதுவும் சளிக்குத்தான் என்று கடைக்காரர் டியாமுலின் கொடுத்தால் வாங்கிவிடாதே. தீவனத்தில் மொனென்சினோ சாலினோமைசினோ இருக்கும்போது டியாமுலின் கொடுத்தால் கோழிகள் கால் இழுத்துச் சாகும். தனித்தனியாக இரண்டும் நல்ல மருந்துகள். சேர்ந்தால் கொட்டகையே காலியாகும். இதைத் தெரியாமல் நொடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதோடு, உன் சேவல்களுக்கு வந்திருப்பது சி.ஆர்.டி. என்கிற நாள்பட்ட சுவாச நோய் என்று யார் சொன்னார்கள்? கொறகொறவென்று மூச்சு விட்டால் எல்லாம் சி.ஆர்.டி. ஆகிவிடாது. வெள்ளைக்கழிச்சலிலும் மூச்சுத் திணறல் வரும். அது வைரஸ், அதற்கு டைலோசின் ஒன்றும் செய்யாது. பணமும் போய், தூசியும் தின்று, கிருமிகளுக்கு மருந்தைப் பழக்கியும் விட்டதுதான் மிச்சமாகும். கொலிஸ்டினை 2019இல் கோழி, கால்நடை, மீன் எல்லாவற்றுக்கும் நாடு முழுவதும் தடை செய்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எதுவும் கேட்காத நோயாளிக்கு வைத்திருக்கும் மருந்து அது. நம் கொட்டகைகளில் வாளி வாளியாகப் போய்க்கொண்டிருந்தது. டைலோசினும் கண்டபடி கொட்டுவதற்கு இல்லை. கொடுத்தால் கால்நடை மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாட்கள். நிறுத்திய பிறகு அவர் சொல்லும் காலம் கழியும்வரை கறிக்கும் முட்டைக்கும் விற்கக்கூடாது.

ஆகவே இப்போதைக்கு எதையும் கலக்காதே. செத்த கோழி இருந்தால் ஐஸ் வைத்துக் கட்டி, நோயுற்ற இரண்டு கோழிகளோடு இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு வா. காலையிலேயே வந்தால் நானும் கூட வருகிறேன். முருகேசன் புதன்கிழமை கோபிச்செட்டிப்பாளையத்துக்கு வருகிறான். அவனிடம் முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவை அவனிடம் கொடுத்துவிடாதே, அவன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவான். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தீவன மூட்டைச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பு. அத்தைக்கு என் வணக்கம்.

உன்,
சண்முகம்