முழங்கால் மூட்டை மாற்றும் முன் கால் வளைவை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் முழங்கால் வலி பற்றி எது வந்தாலும் படித்துவிடுவேன். எல்லாமே கடைசியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில்தான் போய் நிற்கின்றன. 65 வயதுக்காரருக்கு அது சரி. தாராவியில் தரையில் உட்கார்ந்து இட்லி வேலை பார்த்துப் பார்த்து, 45 வயதிலேயே கால் வில்லாக வளைந்து, சயான் ஸ்டேஷன் படியில் கைப்பிடியை விடாமல் ஏறுகிற நம் பெண்களுக்கு என்ன வழி?

இப்படி வளைந்த காலில் பெரும்பாலும் மூட்டின் உள்பக்கம்தான் முதலில் தேய்கிறது. உடம்பின் எடை அங்கேயே இறங்குவதால் குருத்தெலும்பு தேயத் தேய வளைவு கூடும், வளைவு கூடக் கூடத் தேய்மானமும் கூடும். இதற்கென்றே ஹை டிபியல் ஆஸ்டியோடமி என்ற அறுவை சிகிச்சை இருக்கிறது. மூட்டைத் தொடாமல், அதற்குச் சற்றுக் கீழே கால் எலும்பை வெட்டிக் கோணத்தைத் திருத்தி, பிளேட்டும் ஸ்குரூவும் போட்டு, எடையைத் தேயாத வெளிப்பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள். சொந்த மூட்டு அப்படியே இருக்கும்.

இது புதுசும் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கவென்ட்ரி என்ற மருத்துவர் 1965-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். நடுவில் மூட்டு மாற்று அலையில் ஓரங்கட்டப்பட்டு, ஸ்குரூ பிளேட்டோடேயே பூட்டிக்கொள்ளும் உறுதியான லாக்கிங் பிளேட்டுகள் வந்த பிறகு மறுபடி எழுந்திருக்கிறது. ஜப்பான், கொரியா, ஜெர்மனியில் இதைப் பற்றி நிறைய ஆராய்கிறார்கள். எடைக்கோடு, அதாவது இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு எடை இறங்கும் நேர்கோடு, முழங்காலின் அகலத்தில் உள்பக்கத்திலிருந்து சுமார் 62 சதவீதத்தில் விழ வேண்டும் என்று 1979-ல் ஜப்பானின் ஃபுஜிசாவா குழுவின் ஆய்வைத் தொட்டு வந்த கணக்கு இருக்கிறதே, அதை எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போடலாமா என்று இப்போது கேள்வி கேட்கிறார்கள். அவரவர் எலும்புக்குத் தகுந்தபடி எங்கே, எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று காட்டும் அச்சை 3டி பிரிண்டரில் செய்கிறார்கள். வளைவு அதிகமாக இருந்தால் எல்லாவற்றையும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலேயே திருத்தினால் மூட்டே சாய்ந்துவிடும் என்பதால், தொடை எலும்பையும் சேர்த்து இரண்டு இடத்தில் திருத்துகிறார்கள்.

ஆராய்ச்சி அங்கே போய்விட்டது, நாம் இன்னும் ஒழுங்கான எக்ஸ்ரேக்கே வரவில்லை. 47 வயதான என் அக்காவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில், படுக்க வைத்து எடுத்த சின்ன எக்ஸ்ரேயைப் பார்த்தே இரண்டு மூட்டையும் மாற்றத் தேதி கொடுத்துவிட்டார்கள். நின்றபடி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எடுக்கும் நீள எக்ஸ்ரே இல்லாமல் வளைவை எப்படிச் சரியாக அளப்பது? எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

எல்லாருக்கும் இது ஒத்துவராது என்பதும் உண்மை. முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு நோய்) உள்ளவர்கள், மூட்டு முழுவதும் தேய்ந்தவர்களுக்கு இது பயன்படாது. புகைபிடித்தால் எலும்பு சேரத் தாமதமாகும். சில வாரம் ஊன்றுகோல் வேண்டும், வேலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகலாம். ஆனால் பலருக்குப் பத்து வருடம், அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கிறது, தேவைப்பட்டால் பிறகு மூட்டையும் மாற்றிக்கொள்ளலாம். சின்ன வயதில் செயற்கை மூட்டு வைத்தால் அதையே இன்னொரு முறை மாற்ற நேரும் வாய்ப்பு அதிகம், அதையும் சேர்த்துத்தானே யோசிக்க வேண்டும்?

அடுத்த முறை எலும்பு மருத்துவரைப் பேட்டி எடுக்கும்போது இதைக் கேளுங்கள்: மும்பையில் எந்த அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில் இந்த அறுவை நடக்கிறது, நீள எக்ஸ்ரே எங்கே எடுக்கலாம், மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாட்டுங்கா, மும்பை