டிகிரி வேணாம்னு எழுதினவருக்கு மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க வாசகர் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தாரு, காலேஜ் டிகிரி எல்லாம் வெறும் காகிதம், அந்த மூணு லட்சம் நாலு லட்சத்துல பையனுக்கு ஒரு தொழில் வெச்சுக் குடுத்தா அவன் பாட்டுக்கு சம்பாதிச்சுப்பான்னு. ரெண்டு தடவ படிச்சேன். அவர் சொன்னதுல பாதி நிஜம், அதனாலதான் மீதிப் பாதிய படிக்கும்போது எனக்கு வயிறு எரிஞ்சுது.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல 19 வருஷமா ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். மொதல்ல ஜெராக்ஸும் லேமினேஷனும்தான், அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு ஆன்லைன் அப்ளிகேஷன். காலேஜ் அட்மிஷன், டிஎன்பிஎஸ்சி, ஸ்காலர்ஷிப், பாஸ்போர்ட், எஜுகேஷன் லோன் எல்லாத்துக்கும் வருவாங்க. ஒரு பிள்ளையோட பத்தாவது மார்க்‌ஷீட்ட நான் ஜெராக்ஸ் போட்டிருப்பேன், அஞ்சாறு வருஷம் கழிச்சு அதே பிள்ளை டிகிரியோட வரும், அப்புறம் வேலைக்கு அப்ளிகேஷன் போட வரும், சில பேரு கல்யாணம் ஆகி இடுப்புல குழந்தைய வெச்சுக்கிட்டு மறுபடி அதே பரீட்சைக்கு பணம் கட்ட வருவாங்க. அதனால இத பத்தி பேச எனக்கு கொஞ்சம் பாத்தியதை இருக்குன்னு நினைக்கிறேன்.

வெறும் காகிதம்னு சொன்னாரு இல்ல. 2015 வெள்ளம் வடிஞ்சதும் கெடிலம் கரையோரத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, பிஸ்கட் டப்பாவுக்குள்ள பொண்ணோட பத்தாவது, பன்னெண்டாவது மார்க்‌ஷீட்டு, டிசி, சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே அட்டையாட்டம் இருந்துச்சு, பேனாவுல போட்ட கையெழுத்து நீலமா பரவி கிடந்துச்சு. தரையில பேப்பர விரிச்சு ஃபேன் காத்துல வெச்சு, ஸ்டீல் ஸ்கேல மெதுவா உள்ள விட்டு ஒவ்வொண்ணா பிரிச்சோம், பாதி நாள் ஆச்சு. வீட்டுல அரிசி போச்சு, பாய் போச்சு, ஆடு போச்சு, அந்த அம்மா அத பத்தி ஒரு வார்த்தை பேசல, "இது தெளிவா தெரியுமாம்மா"ன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்த வருஷம் வெள்ளத்துல சர்டிபிகேட் போனவங்களுக்கு நகல் குடுக்கறதுக்குன்னே அரசாங்கம் தனியா கேம்ப் போட்டுச்சு. நிலமும் கடையும் இல்லாத குடும்பத்துக்கு பிள்ளைங்க பேர்ல இருக்கற ஒரே சொத்து அந்த டப்பாவுல இருக்கறதுதான் ஐயா.

எங்க அப்பாவே பெரிய தொழில்காரர்தான். கடலூர் ஓ.டி. துறைமுகத்துல போட் இன்ஜின் மெக்கானிக். ஏப்ரல் 15க்கு மேல மீன்பிடித் தடைக்காலம் வந்துட்டா மத்தவங்களுக்கு வேலை இருக்காது, அப்பாவுக்கு அப்பத்தான் சீசனே, எல்லா போட்டையும் கரையேத்திதானே ரிப்பேர் பாப்பாங்க. அந்த சீசன்ல அவர் சம்பாதிச்சத எங்க ஸ்கூல் வாத்தியார் கூட சம்பாதிச்சிருக்க மாட்டாரு. படிச்சது ஏழாவது. சத்தத்த கேட்டே இன்ஜின்ல எங்க கோளாறுன்னு சொல்லுவாரு. நான் ஒன்பதாவது படிக்கும்போது பெல்ட்டுல கை மாட்டி வலது கையில ரெண்டு விரல் போயிடுச்சு. அவ்ளோதான். தலைக்குள்ள இருந்த அறிவு அப்படியே இருந்துச்சு, ஆனா அத காட்டி வேலை கேக்க ஒரு துண்டு காகிதம் இல்ல. ஒரு ஐடிஐ சர்டிபிகேட் இருந்திருந்தா ஸ்டோர்லயோ சூப்பர்வைசராவோ எங்கயாவது உக்காந்திருப்பாரு. கடைசி வரைக்கும் நைட் வாட்ச்மேன் வேலைதான் பாத்தாரு. கைத்தொழில் போதும்னு எழுதறவங்க, கை நல்லா இருக்கற வரைக்கும்னு ஒரு வரி சேத்து எழுதணும்.

உடனே காமராஜர் என்ன படிச்சாரு, ஜி.டி. நாயுடு என்ன படிச்சாருன்னு கேப்பாங்க. காமராஜர் ஆறாவதோட நின்னாரு, வாஸ்தவம்தான், அவர் முதலமைச்சரா இருந்தப்ப என்ன பண்ணாரு, படிக்காம நானே முன்னேறல்லையான்னு கேட்டாரா, ஊர் ஊரா பள்ளிக்கூடம் தொறந்து மதியம் சோறு போட்டாரு. பள்ளிக்கூடப் படிப்பே சரியா இல்லாத ஜி.டி. நாயுடு 1945ல கோயம்புத்தூர்ல பாலிடெக்னிக் வர்றதுக்கு முன்ன நின்னாரு. படிக்காம ஜெயிச்சவர் கதை பேப்பர்ல வருது. படிக்காம நின்னுபோனவங்க யாரும் வாசகர் பக்கத்துக்கு எழுதறதில்ல, அவங்க எங்க கடைக்கு ஃபாரம் ஃபில்லப் பண்ணிக் குடுங்கன்னு வர்றாங்க.

டிகிரி முடிச்சவங்களுக்குத்தான் வேலையில்லாத் திண்டாட்டம் ஜாஸ்தி, எழுத்தறிவு இல்லாதவங்களுக்கு கம்மின்னு அரசாங்க சர்வேயே சொல்லுதுன்னும் அவர் எழுதியிருந்தாரு. சர்வே அப்படித்தான் சொல்லுது. ஆனா ஏன்? எழுதப் படிக்கத் தெரியாதவர் இன்னைக்கு வேலைக்கு போகலன்னா நாளைக்கு அடுப்பு எரியாது, கிடைச்ச கூலிக்கு போயிடறாரு. டிகிரி முடிச்ச பையன் அப்பா சம்பளத்துல ரெண்டு வருஷம் வீட்டுல உக்காந்து படிக்க முடியுது, அவன்தான் கணக்குல வேலையில்லாதவன். நல்ல வேலையில இருக்கறவங்க யாரு யாருன்னு எண்ணிப் பாத்தா கதை வேற மாதிரி இருக்கும்.

இப்ப அவர் சொன்ன நிஜமான பாதிக்கு வர்றேன், அதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுக்குது. குரூப் 4க்கு கல்வித் தகுதி பத்தாவதுதான், ஆனா என் கடைக்கு குரூப் 4 அப்ளிகேஷன் போட வர்றவங்கள்ல முக்கால்வாசி பேரு பி.இ., எம்.எஸ்சி., பி.எட். போன வருஷம் குறிஞ்சிப்பாடியில தறி போடற ஒரு அண்ணன் வந்தாரு, பையன் பி.இ. முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. பேங்க் நோட்டீஸ ஜெராக்ஸ் எடுக்கணும், ஆனா நான் படிச்சிடக் கூடாதுன்னு மடிச்சு மடிச்சு குடுக்கறாரு, மிஷின்ல வைக்கணும்னா விரிச்சுதானே ஆகணும். வாங்கினது 4 லட்சம், நோட்டீஸ்ல போட்டிருந்தது அதுக்கும் மேல எங்கயோ. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேணாம்னு சொன்னாங்களே தாயின்னாரு. கட்ட வேணாம்னுதான் சொல்லுவாங்க, வட்டி ஓடாதுன்னு யாரும் சொல்லல. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கற காலத்து வட்டிய மத்திய அரசே கட்டற திட்டம் இருக்கு, ஆனா அதுக்கு வருமானச் சான்று வெச்சு கேக்கணும், படிக்கற காலேஜுக்கோ கோர்ஸுக்கோ நாக், என்பிஏன்னு தரம் பாக்கற அமைப்புங்களோட அங்கீகாரம் இருக்கணும். அந்த அண்ணனுக்கு யாரும் சொல்லல.

அது மட்டுமில்ல, அந்த வீட்டுலயே மொதல் பட்டதாரி அந்தப் பையன்தான், முதல் பட்டதாரி சான்று வாங்கி கவுன்சிலிங்ல சீட்டு எடுத்திருந்தா டியூஷன் ஃபீஸே குறைஞ்சிருக்கும். அவன் சேந்ததுக்கு அப்புறம் வந்ததுன்னாலும் சொல்றேன், 2021ல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு, அதுல சீட்டு கிடைச்சா ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கம் கட்டுது. ஆனா அந்தப் பையன, ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே புரோக்கர் வீட்டுக்கு வந்து, இப்ப அட்வான்ஸ் கட்டினா சீட்டு கன்ஃபார்ம்னு மேனேஜ்மெண்ட் கோட்டாவுல சேத்துட்டு போயிட்டான், அதுல இந்த சலுகை எதுவும் கிடையாது. இதுக்குப் பேரு டிகிரி வீண்ங்கறதா, நீங்களே சொல்லுங்க.

எங்க வீட்டுலயும் இது நடந்துச்சு. தம்பி காலேஜ்ல மொதல் வருஷம் முடிக்கும்போது பிடிக்கலன்னு விட்டுட்டு பாலிடெக்னிக் போறேன்னான். அந்த காலேஜ்ல மீதி வருஷத்து ஃபீஸையும் கட்டினாதான் ஒரிஜினல் தருவோம்னுட்டாங்க. எட்டு மாசம் நடந்தோம். எங்க அம்மா காதுல கிடந்தது போச்சு. ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு 2018ல பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, உத்தரவே போட்டிருக்கு, எங்களுக்கு அது லேட், மத்தவங்களுக்காவது தெரியட்டும்னு அத பிரிண்ட் எடுத்து கடை கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கேன்.

பொண்ணுங்க விஷயம் தனி. முன்னாடி கல்யாண உதவித் திட்டம் இருந்துச்சு, பத்தாவது முடிச்ச பொண்ணுக்கு 25,000, டிகிரி முடிச்சா 50,000, கூட தாலிக்கு தங்கம். அந்த ஃபாரத்த ஆயிரக்கணக்குல ஜெராக்ஸ் போட்டிருக்கேன், எல்லாத்துலயும் கல்யாணப் பத்திரிகை இணைக்கணும். 2022 செப்டம்பர்ல இருந்து புதுமைப்பெண் திட்டம், ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணு மேல படிச்சா மாசம் 1000 ரூபா அவ அக்கவுண்ட்டுக்கே வருது, ஐடிஐக்கும் டிப்ளமோவுக்கும் கூட உண்டு. ஆயிரம் ரூபா என்ன பெரிய காசான்னு கேக்கலாம். எங்க தெருவுல ஒரு பாப்பா பெரியார் காலேஜ்ல பி.எஸ்சி. சேந்துச்சு, வீட்டுல மாப்பிள்ளை பாத்துட்டாங்க, அது "இன்னும் ரெண்டு வருஷம் பணம் வரும், நிறுத்தினா போயிடும்"னு ஒரே பிடியா நின்னு கல்யாணத்த தள்ளிப் போட்டுச்சு. இப்ப பாண்டிச்சேரியில ஒரு லேப்ல வேலை, தினம் பஸ்ல போயிட்டு வருது. சம்பளம் அப்படி ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. ஆனா இப்ப மாப்பிள்ளை பத்தி பேசும்போது அதுகிட்ட கேட்டுட்டு பேசறாங்க. இத எந்த லாபக் கணக்குல எழுதுவாரு அவரு?

வெளிநாடு போறவங்களுக்கு இன்னும் பச்சையா தெரியும். பத்தாவது பாஸ் இல்லன்னா பாஸ்போர்ட்லயே ஈசிஆர்னு, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அனுமதி வாங்கணும்னு வரும், வளைகுடா நாட்டுக்கு வேலைக்கு போகணும்னா தனியா கிளியரன்ஸ் வாங்கணும். சிங்கப்பூர்ல வொர்க் பெர்மிட்ல போனவங்க பொண்டாட்டி பிள்ளைய கூட்டிட்டுப் போய் வெச்சுக்க முடியாது, எத்தனை வருஷம் உழைச்சாலும் வீடியோ கால்தான். அதுக்கு மேல்தரமான வேலை விசாவுக்கு போகணும்னா பெரும்பாலும் டிப்ளமோவோ டிகிரியோ கேப்பாங்க.

அதே சமயம் எல்லா டிகிரியும் ஒண்ணு இல்ல. பன்னெண்டாவது படிக்காமலே ஓப்பன் யுனிவர்சிட்டியில நேரா எம்.ஏ. வாங்கின ஒருத்தர், பாவம், வயசு நாப்பத நெருங்குது, பத்து, பன்னெண்டு, டிகிரின்னு வரிசையா படிச்சாதான் டிஎன்பிஎஸ்சியில செல்லும்னு நான் சொன்னதும் கடை ஸ்டூல்லயே உக்காந்துட்டாரு. காசு கட்டும்போது யாரும் அவருக்கு சொல்லலியாம்.

அதனால ஐயா, டிகிரி வேணுமா வேணாமான்னு வாசகர் பக்கத்துல சண்டை போடறத விட, மே மாசம் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி உங்க பேப்பர்ல இதெல்லாம் போடுங்க, எந்த வேலைக்கு எந்தப் படிப்பு செல்லும், முதல் பட்டதாரி சான்று எப்ப வாங்கணும், லோன்ல வட்டி எப்ப இருந்து ஓடும்னு. கூடவே ஒரிஜினல் சர்டிபிகேட்ட லேமினேஷன் பண்ணாதீங்கன்னு கொட்டை எழுத்துல போடுங்க. வெளிநாட்டு வேலைக்கு அட்டெஸ்டேஷன் பண்ணும்போது பின்பக்கம் சீல் வைக்கணும், பிளாஸ்டிக் மேல சீல் நிக்காது, பிரிச்சா எழுத்தும் சேந்து வந்துடும். கடை ஆரம்பிச்ச புதுசுல எனக்கும் தெரியாம எத்தனையோ பிள்ளைங்களுக்கு பத்திரமா இருக்கட்டும்னு போட்டுக் குடுத்திருக்கேன். போன மாசம் அப்படி ஒரு பையன், நான் போட்டுக் குடுத்த அதே டிகிரிய எடுத்துக்கிட்டு வந்தான், துபாய்ல வேலை கிடைச்சிருக்கு. டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போட்டிருக்கோம், இன்னும் வரல.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை அக்கா,
மஞ்சக்குப்பம், கடலூர்.