இடது ஓரத்தில் நின்ற அம்பு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் யார் என்ன மூக்குத்தி போட்டிருக்கிறார்கள் என்பதுவரை சொல்கிறார். மூன்று வாரமாக நான் மதுரையில்தான். சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டரை இங்கிருந்து லேப்டாப் வழியாக ஓட்டுகிறேன்.

இரண்டு மானிட்டர் இருந்தால் ரிமோட்டில் மவுஸ் சொன்னபடி கேட்பதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த மாதிரித் தொல்லையில் நானும் மாட்டினேன். ஆபீஸ் மேஜையில் இரண்டு மானிட்டர்: இடதில் 1920-க்கு 1080, வலதில் பழைய சதுர மானிட்டர், 1280-க்கு 1024. தூரத்துக் கம்ப்யூட்டரின் திரையை இங்கே காட்டும் விஎன்சியில் இரண்டும் அருகருகே தெரிகின்றன. ஆனால் அம்பு மட்டும் இடது மானிட்டரின் ஓரம்வரை போய், கோயில் வாசலில் செருப்பைக் கழற்ற இடம் தேடுகிறவன் மாதிரி நின்றுவிடும். வலப்பக்க டெர்மினல் கண்ணுக்குத் தெரிகிறது, தொடத்தான் முடியவில்லை. 450 ரூபாய்க்குப் புது மவுஸ் வாங்கினேன். சிரிக்காதே.

மவுஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அம்பு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று விஎன்சி சொல்வதில்லை, எந்தப் புள்ளியில் நிற்கிறது என்றுதான் சொல்கிறது. ஒவ்வொரு அசைவுக்கும் 6 பைட்: செய்தியின் வகைக்கு 1, பட்டன்களுக்கு 1, குறுக்கே 2, நெடுக்கே 2. எந்த மானிட்டர் என்று குறிக்க அதில் இடமே கிடையாது. லினக்ஸில் திரையையும் மவுஸையும் கவனித்துக்கொள்ளும் எக்ஸ்11-க்கும் என் மேஜை 3200-க்கு 1080 உள்ள ஒரே விரிப்புதான். வலது மானிட்டருக்குக் கீழே 56 வரி யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு!

அப்புறம் எங்கே இடித்தது? அம்பைக் கொண்டுபோய் வைக்கிற இடத்தில். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடும் விஎன்சி நிரலான எக்ஸ்11விஎன்சிக்கு இரண்டு வழி தெரியும். எக்ஸ்டெஸ்ட் மூலம் நிஜ மவுஸ் அசைந்தது போலக் காட்டுவது ஒன்று, அம்பைத் தூக்கி நேராகப் புள்ளியில் வைக்கும் 'வார்ப்' இன்னொன்று. பல மானிட்டரை ஒரே விரிப்பாக்கும் ஜினெராமா இருப்பதைக் கண்டால் அது தானாகவே வார்ப்புக்கு மாறிவிடும். சிக்கலைத் தீர்க்க வைத்த ஏற்பாடுதான், என் மெஷினில் அதுவே சிக்கல். அதை ஓட்டும் கட்டளையில், வார்ப் வேண்டாம் என்று சொல்லும் 'நோஎக்ஸ்வார்ப்பாயின்டர்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன், அம்பு எல்லை தாண்டியது. இரண்டு ராத்திரி போனது இந்த ஒரு சொல்லுக்கு.

உன் கதை வேறு. அம்பு வலப்பக்கம் போகிறது, கிளிக் மட்டும் தள்ளி விழுகிறது என்கிறாய். ஒன்றைக் கவனித்து எழுது. வலது ஓரத்தை நெருங்க நெருங்க இடைவெளி கூடுகிறதா, எங்கும் ஒரே அளவா? கூடினால் அளவைச் சுருக்கிக் காட்டுவதில் கோளாறு இருக்கும். வியூவரில் ஸ்கேலிங்கை நிறுத்திப் பார். எங்கும் ஒரே அளவென்றால் இரண்டாவது மானிட்டர் எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்ற கணக்கில் பிசகு. மானிட்டர்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று சொல்லும் எக்ஸ்ராண்டர் கட்டளை காட்டுவதை அப்படியே அனுப்பு.

லாகின் திரையில், எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலாண்ட் இருக்கிறதா என்றும் பார். இருந்தால் நான் மேலே எழுதியது எதுவும் உனக்கு உதவாது. அங்கே ஒரு நிரல் நினைத்தபடி அம்பை நகர்த்த முடியாது, டெஸ்க்டாப்போடு வரும் ரிமோட் வசதியைத்தான் நாட வேண்டும்.

பொங்கலுக்கு இந்தப் பக்கம் வருவாய் அல்லவா? புது மவுஸ் டப்பாவோடு சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
முரளி