ஹீட்டரும் ஃபில்டரும் ஒரே வரியில் முடிகிற விஷயமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

வீட்டில் மீன்தொட்டி வைப்பது பற்றி நம் நாளிதழின் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல், செடி, விளக்கு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி ஒதுக்கியவர், நல்ல ஹீட்டர் ஒன்றும் ஃபில்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். வெப்பமண்டல மீன் பிழைப்பதும் சாவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பல வருடங்களுக்கு முன் என் 60 லிட்டர் தொட்டிக்கு 200 வாட் ஹீட்டர் வாங்கினேன். பெரிதாக இருந்தால் சீக்கிரம் சூடேற்றும், நல்லதுதானே என்று நினைத்தேன். ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் மூடியின் அடியில் துளித்துளியாக நீர் கோத்து நிற்கிறது, நியான் டெட்ராக்கள் மொத்தமும் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, தெர்மாமீட்டர் 36 டிகிரி காட்டுகிறது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே, வேண்டிய சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் மின்சாரம் நிற்கவே இல்லை. மதியத்துக்குள் ஒரு மீனும் மிஞ்சவில்லை.

இப்படி ஒட்டிக்கொள்வது ஹீட்டர்களில் சகஜமாக வருகிற பழுதுதான். அதனால் ஹீட்டர் வாங்கும்போது "எவ்வளவு வேகமாகச் சூடாக்கும்" என்று கேட்பதைவிட "இது அணையாமல் மாட்டிக்கொண்டால் என் தொட்டி என்ன ஆகும்" என்று கேட்பதுதான் சரி. கணக்கும் எளிதுதான். 60 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 250 கிலோஜூல் வேண்டும். வெளியே போகும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் 200 வாட் ஹீட்டர் இருபதே நிமிடத்தில் அந்த ஒரு டிகிரியை ஏற்றிவிடும். 50 வாட் ஹீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், அதற்குள் தொட்டியின் கண்ணாடி வழியாகவும் மேல்பரப்பு வழியாகவும் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருப்பதால் உண்மையில் இன்னும் மெதுவாகத்தான் ஏறும், நாம் கவனித்து பிளக்கைப் பிடுங்க நேரம் கிடைக்கும்.

லிட்டருக்கு ஒரு வாட் என்று பொதுவாகச் சொல்வார்கள். தொடங்குவதற்கு அது போதும், ஆனால் உண்மையில் பார்க்க வேண்டியது அறையின் வெப்பத்துக்கும் தண்ணீர் இருக்க வேண்டிய வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். கப்பி, டெட்ரா, ஏஞ்சல் மாதிரி மீன்களுக்கு 24 முதல் 26 டிகிரி பொருந்தும், டிஸ்கஸுக்கு 28க்கு மேல் வேண்டும். அறை எப்போதுமே 25 டிகிரிக்குக் கீழே இறங்காது என்றால் கப்பி வளர்ப்பவருக்கு ஹீட்டரே தேவையில்லை. நாலைந்து டிகிரிதான் ஏற்ற வேண்டும் என்றால் லிட்டருக்கு அரை வாட் போதும். அப்புறம், 100 லிட்டர் தொட்டிக்கு 100 வாட்டில் ஒன்று வாங்குவதைவிட 50 வாட்டில் இரண்டு வாங்கி இரு மூலையிலும் வைப்பதே என் பழக்கம். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தொட்டி கொதிநீராகாது, ஒன்று செத்துப் போனாலும் இன்னொன்று இரவைத் தாக்குப்பிடிக்கும். ஹீட்டரில் குறித்திருக்கும் டிகிரி அளவை நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வையுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில் பிளக்கைப் பிடுங்கி கால் மணி நேரம் கழித்தே மட்டத்தை இறக்குங்கள், சூடான கண்ணாடிக்குழாய் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் விரிசல் விடும்.

ஃபில்டர் விஷயத்தில் இன்னும் பெரிய குழப்பம் இருக்கிறது. தண்ணீரைத் தெளிவாக வைக்கிற கருவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தெளிவான தண்ணீரிலும் மீன் சாகும். மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் வரும் அமோனியா கண்ணுக்குத் தெரியாத விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஓரளவு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே நாம் வாங்குவது அந்த உயிர்களுக்கு ஒரு வீடு. பெட்டியில் பம்பின் வேகத்தை மட்டும் பார்க்காமல் உள்ளே ஸ்பாஞ்சுக்கும் வளையங்களுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று திறந்து பாருங்கள். மணிக்குத் தொட்டி அளவைப்போல் நாலைந்து மடங்கு தண்ணீர் சுற்றினால் போதும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் உள்ளே எதுவும் இல்லாமல் பம்பை ஓட்டி எடுத்தது, வீட்டில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். ஃபைட்டர் மீனுக்கும் குஞ்சுகளுக்கும் வேகமான ஓட்டம் ஆகாது, அவற்றுக்கு ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். அந்த ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் காற்றுக் குழாயில், ஒரு பக்கம் மட்டும் வழிவிடும் செக் வால்வு ஒன்று போடுங்கள், இல்லையென்றால் மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னால் வந்து பம்புக்குள் இறங்கிவிடும்.

ஃபில்டர் வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே. ஒன்று, இரவில் சத்தமாக இருக்கிறது என்று அணைப்பது. ஓட்டம் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் சாகத் தொடங்கும். மற்றது, ஸ்பாஞ்சை குழாயடியில் வெள்ளையாகும் வரை கழுவுவது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆறு வாரம் வளர்ந்ததில் பெரும்பகுதி போய்விடலாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, அதில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். காப்பி நிறத்தில் கரைந்து இறங்கும், ஸ்பாஞ்ச் அழுக்காகவே தெரியும், அப்படியே திரும்ப மாட்டிவிடுங்கள்.

நீண்ட நேரம் மின்சாரம் இல்லை என்றால் முதலில் கவலைப்பட வேண்டியது சூட்டைப் பற்றி அல்ல. தொட்டியைச் சுற்றி ஒரு போர்வையைப் போர்த்தினால் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். தண்ணீரில் காற்று கலப்பதுதான் அவசரம். ஒரு குவளையில் தண்ணீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றினாலும் உதவும். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே மறுபடி ஓட விடுங்கள். அந்தத் தேங்கிய தண்ணீர் நேராக மீன் மேல் போகக் கூடாது.

அடுத்த இணைப்பில் இந்த இரண்டு கருவிகளுக்கும் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள் ஐயா. புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் கடைக்குப் போகும் முன் அதைப் படித்துவிட்டால் பல மீன்கள் பிழைக்கும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர் ஒருவர்