கலாவுக்கு, கடலூரிலிருந்து

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. பையனுக்குக் கோவையிலேயே இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலிதான், மற்றபடி நலம்.

"பிள்ளைகளைச் சேற்றில் இறக்கிவிட்டு நீ என்னதான் நடத்துகிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

கடலோரச் சேற்றில் உப்புநீரில் வளரும் அலையாத்திக் காடு பற்றிய பாடத்தை இந்த வருஷம் வகுப்பில் எடுக்கவே இல்லை. நேரே பிச்சாவரம். கிள்ளை வரை பஸ், அப்புறம் துடுப்புப் படகு. சுரபுன்னை மரத்தைச் சேற்றில் தாங்கி நிற்கும் தாங்குவேர், மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் நாற்று எல்லாம் நாம் பரங்கிப்பேட்டையில் படித்த காலத்திலிருந்தே ஆளாளுக்குப் படம் எடுக்கிற சங்கதி. அங்கே வளரும் இன்னொரு மரமான அவிசென்னியாவின் இலையை நக்கிப் பாருங்கள் என்றேன். முகத்தைச் சுளித்தார்கள். இலை உப்பை வெளியே தள்ளும் என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தில்லை மரத்தை மட்டும் தொடவிடவில்லை. அதன் நச்சுப் பால் கண்ணில் பட்டால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?

ஆனால் எனக்கு முக்கியம் மரம் இல்லாத இடம்தான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து, மண் அமுங்கி, நடுவில் பள்ளமாகிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பை விட்டுப்போனது. அதில் எந்த நாற்று நிற்கும்? 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீன்முள் வடிவில், நடுவே ஒன்றும் இருபுறமும் கிளைகளுமாக, வாய்க்கால் வெட்டினார்கள். ஓதநீர் உள்ளே போய்த் திரும்பி வர ஆரம்பித்த பிறகுதான் நட்டது பிழைத்தது.

ஒரு பெண் வாய்க்கால் நீரை, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் சொட்டுவிட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அடுத்துக் குட்டையில் தேங்கியிருந்த நீர். கோடு அளவையே தாண்டிவிட்டது. "மேடம், மீட்டர் கெட்டுப்போச்சு." உப்பே இல்லாத வாலை வடிநீரில் பூஜ்ஜியம் பார்க்கச் சொன்னேன்; சரியாகவே காட்டியது. அப்புறம்தான் தான் நிற்கிற இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். உப்பு மண்ணைத் தாங்கும் உமரிச்செடியைத் தவிர ஒன்றுமில்லை.

எங்கே கால் புதையும், எங்கே புதையாது என்பதை இறால் தடவிக்கொண்டிருந்த இருளர் அம்மா ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். பிடித்ததைப் போடும் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் துழாவியபடியே பாடம். என்னைவிட நல்ல வாத்தியார்.

இப்போது மரக்கன்று விழா என்று யார் வந்தாலும் என் பிள்ளைகள் "அங்கே முதலில் ஏன் மரம் இல்லை?" என்று கேட்கிறார்கள். விழா நடத்துகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. சுனாமிக்குப் பிறகு கடலோரமெங்கும் சவுக்கு நட்டதையும் இப்படித்தான் விவாதித்தோம். பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடத் திறந்த மணல் வேண்டும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதே மணலின் சூட்டைப் பொறுத்தது. நிழல் விழுந்தால் ஆண் குஞ்சுகள் கூடும். அலையைத் தடுக்க நட்ட மரம் ஆமைக்கு இடைஞ்சல். இதற்கு ஒற்றை விடை கிடையாது. வகுப்பில் சண்டையே வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதிப்பெண்ணா? கள நோட்டுக்கும் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படம் வரைந்த ரெக்கார்டு நோட்டுதான் இன்னும் ராஜா.

மாசியில் உன் மாணவர்களோடு வாயேன், மழை விட்டிருக்கும். உங்கள் லேபில் ரிஃப்ராக்டோமீட்டர் சும்மா கிடந்தால் மறக்காமல் எடுத்து வா. எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதற்கு அடிதடி.

அன்புடன்,
வசந்தா